வலையில் வந்தபடியே

மச்சான்,

சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவியும் விரல்களில் நெத்தலிக் கருவாட்டு மணம் போகவில்லை. தேசிக்காய்த் தோலைத் தேய்க்கச் சொன்னாள் மனைவி. தேய்க்காமல் அப்படியே வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ அனுப்பிய கடைசிப் பார்சலை இன்று காலைதான் பிரித்தேன். அது வந்து நாலு மாதம். நீ போய் மூன்று மாதம்.

இருபது வருடத்துக்கு மேலாக உன்னோடு நான் மனம் விட்டுப் பேசியதில்லை. இப்போது, நீ பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்துப் பேச வருகிறேன். இதுவும் என் குணத்துக்குப் பொருத்தம்தான் என்று நீ சொல்லியிருப்பாய். சொல்லிவிட்டுச் சிரித்தும் இருப்பாய். அந்தச் சிரிப்பின் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

வாழைச்சேனையில் உயர்தர விலங்கியல் வகுப்புக்கு நீ ஓட்டமாவடியிலிருந்து சைக்கிளில் வருவாய். உன் சட்டையில் எப்போதும் இந்த மணம் இருக்கும். யாரும் உன் பக்கத்தில் உட்கார மாட்டார்கள், நான் உட்கார்ந்தேன். நட்பினால் அல்ல, அன்று பிந்தி வந்ததால் அந்த வாங்கில்தான் இடம் இருந்தது. மாங்கேணிக் கரையில் உன் வாப்பாவுக்குக் கருவாட்டு வாடி இருந்தது. கரைவலையில் விழுவதை வாங்கி, மணலில் சாக்கு விரித்துக் காயவைத்து ஏற்றும் கொட்டில். ஒரு வெள்ளிக்கிழமை அங்கே என்னைக் கூட்டிப்போனாய். கூடைக்குள் இருந்து ஒரு பச்சை நெத்தலியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடச் சொன்னாய். என் பெருவிரலைப் பிடித்து மீனின் வயிற்றின் மேல் வாலிலிருந்து தலைப்பக்கமாக இழுத்தாய். சுருக்கென்று குத்தியது.

“இவ்வளவு சின்ன மீன் மச்சான். இதுக்கும் முள்ளு இரிக்கி, பாத்தியா?” என்றாய்.

அதற்குப் பிறகு அந்த மீனைத் திருப்பிப் பிடரியைக் காட்டினாய். தலைக்குப் பின்னால் இரண்டு சின்னக் கறுப்பு அடையாளங்கள். நெத்தலியில் பல வகை, இது இந்த வகைக்குரிய அடையாளம் என்பதை நான் பல்கலைக்கழகத்தில்தான் படித்தேன். நீ கூடையைப் பார்த்தே தெரிந்து வைத்திருந்தாய். நமக்குள் அதற்கு ரெட்டைப்பொட்டு என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

உயர்தரத்தில் இரண்டு பேருக்கும் முதல் தடவை பல்கலைக்கழக அனுமதி கிடைக்கவில்லை. நான் திரும்ப எழுதினேன். உன் வாப்பா அந்த வருடம் விழுந்து படுத்தார், நீ எழுதவில்லை. முதல் தடவை விலங்கியலில் உன் புள்ளி என்னுடையதைவிடக் கூட என்பதை நான் என் மனைவிக்குக்கூட இதுவரை சொன்னதில்லை.

நான் பட்டம் எடுத்தேன், மட்டக்களப்பில் ஆசிரியர் வேலை எடுத்தேன், வேலையோடு ஆய்வுப் பட்டம் ஒன்றுக்கும் பதிந்தேன். தலைப்பு நம்முடைய மீன்தான். கடலில் வாழும் ரெட்டைப்பொட்டு, மாரியில் கடல்வாயை அடைத்த மணல்மேட்டை வெட்டி முகத்துவாரம் திறந்ததும் வாவிக்குள் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பது என் கேள்வி. ஊர்ச்சனம் வாவியை ஆறு என்றுதான் சொல்லும். ‘கடல் நெத்தலியாவது, ஆத்தில ஏறுறதாவது’ என்று என் மேற்பார்வையாளரே நக்கலடித்தார். நீ மட்டும் ஏறும் என்றாய், கொக்கட்டிச்சோலைப் பக்கம் வரைக்கும் ஏறும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன் என்றாய். அங்கே பிடித்த மீன் இருந்தால் என் ஆய்வின் முக்கியமான அத்தியாயம் முடிந்துவிடும்.

பிடிக்க வேண்டியவன் நான். அது சமாதானம் என்று சொல்லப்பட்ட காலம். மண்முனைத் துறையில் படகுப்பாதை ஏறி அக்கரைக்குப் போய்வரலாம். ஆனாலும் இயக்கத்தின் கையில் இருந்த அந்தக் கரையில் யார் எதைக் கேட்பார்கள் என்ற பயம் எனக்கு விட்டுப்போகவில்லை. தவணைப் பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று உனக்குச் சொன்னேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். ‘நான் போறன், நீ தாளத் திருத்து’ என்று சொல்லி, வீச்சுவலையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனாய். தமிழ்ப் பெயரோடு நிற்கவே நான் பயந்த கரையில், அந்தக் காலத்தில், நீ உன் முஸ்லிம் பெயரோடு போய் நின்றாய். அதை நான் அன்று யோசிக்கவில்லை. யோசித்தேன், ஆனால் போகாதே என்று சொல்லவில்லை. இதுதான் உண்மை.

மூன்று நாள் கழித்துப் போத்தல் வந்தது. மீன் பழுதாகாதிருக்க நான் தந்த போமலினில், கழுத்து வரைக்கும் ரெட்டைப்பொட்டு. ஒரு தலைகூட உடையவில்லை. தலை கவனம் என்று உனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தேன். வேறு எதுவும் சொல்லியிருக்கவில்லை. நான் எண்ணினேன், அளந்தேன், படம் கீறினேன். சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். அப்படித்தான் எழுத வேண்டும், எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கொழும்பிலிருந்து வந்த பரிசோதகர் ஒரு சிங்களவர், அமைதியான மனுஷன். போத்தலை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். மிகவும் துப்புரவாக இருக்கிறதே என்றார். ஆற்றில் வலை வீசினால் கூனி இறாலும் பாசியும் வேறு மீன்குஞ்சுகளும் சேர்ந்துதானே வரும், இதில் ஒன்றுமே இல்லையே என்று கேட்டார். எனக்கு உதவிக்கு ஒரு மீன்காரர் வந்தார், அவரைக் கேட்கலாம் என்றேன். நான் எதைச் சொன்னாலும் நீ ஓம் என்பாய் என்ற நம்பிக்கைதான். பரிசோதகரை நேரே மாங்கேணிக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். நீ பேசுவதை ஆங்கிலத்தில் நான் மாற்றிச் சொல்லுவேன், இடையில் வேண்டியபடி திருத்திக்கொள்ளலாம் என்றும் நினைத்திருந்தேன்.

தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் கருவாடு ஏற்றுகிறவனுக்குச் சிங்களம் தண்ணிபட்ட பாடாக இருக்கும் என்பது எனக்கு எப்படி மறந்துபோனது? அவர் ஒரு கேள்வி கேட்டார். நீ நேரே அவருடைய மொழியிலேயே பதில் சொன்னாய். கையைக் காட்டி, சிரித்து, ஒரு கதை மாதிரிச் சொன்னாய். அவரும் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். படித்தவன் நான் இரண்டு பேருக்கும் நடுவில் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் விரல் ஒரு தரம் ஆற்றுப் பக்கமும் ஒரு தரம் கடல் பக்கமும் நீண்டது மட்டும் எனக்கு விளங்கியது. நீ கொடுத்த பிளேன்ரீயைக் குடித்துவிட்டு அவர் வாகனத்தில் ஏறினார். என்னை ஏறச் சொன்னார். நான் பிறகு வருவதாகச் சொன்னேன்.

“என்னத்தடா சொன்னாய் அந்தாளுக்கு?”

“கேட்டத்துக்குச் சொன்னன். நான்தான் பிடிச்ச எண்டு சொன்னன். பாதி ஆத்தில உள்ள, பாதி இஞ்ச கரைவலையில உள்ள.”

கடல் மீனை ஏன் கலந்தாய் என்று கேட்டேன்.

“அங்க கனநேரம் நிக்க ஏலாமப் போச்சு மச்சான். அரைப் போத்தலும் வரல்ல. அத உன்ட கையில தர வெக்கமா இருந்த. அதான் நல்லதாப் பாத்து நிரப்பின. குப்பையெல்லாம் பொறுக்கிப் போட்டுட்டன்.”

“உன்ன யாருடா பொறுக்கச் சொன்ன? வலையில வந்தபடியே தந்தா உனக்கு என்ன குறைஞ்சு போகும்?”

“சிநேகிதனுக்குக் குப்பையோடயா தாற?” என்று கேட்டாய். நான் அதற்குமேல் ஏசிய ஏச்சை இங்கே எழுத மாட்டேன். உன் வாப்பாவையும் இழுத்தேன். கடைசியாகத்தான் அதைச் சொன்னாய், குரல் உயராமல்.

“நீ வந்து பிடிச்சிருந்தா இந்தக் கதையே இல்ல, மச்சான்.”

என் மேல் எறியப்பட்ட எத்தனையோ சொற்களை மறந்துவிட்டேன். இந்த ஒன்றை மறக்கவில்லை. உண்மையாக இருந்ததுதான் காரணம் என்று இப்போது எழுத முடிகிறது. அன்றைக்கு அதை உன் துரோகக் கணக்கில் சேர்த்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு, ஆற்றுக்குப் போய்த் திரும்பச் சேகரித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். அடுத்த மாரிக்குப் போயிருக்கலாம். நான் போகவில்லை. ஏமாற்றியவன் என்று பல்கலைக்கழகத் திணைக்களத்தில் கதைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், அந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்று வைராக்கியம் பிடித்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் விரிவுரையாளர்கள் ஆனார்கள். அவர்களில் ஒருவர் என் பாடசாலைக்கே பிரதம விருந்தினராக வந்து எனக்குச் சான்றிதழ் தந்தார். பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டம் நெத்தலி சேர். மெலிந்த உடம்புக்கு வைத்தார்களா, கரும்பலகையில் மீன் என்றால் எப்போதும் நெத்தலியையே கீறுவதால் வைத்தார்களா தெரியாது. இதெல்லாவற்றுக்கும் நீதான் காரணம் என்று வைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு வருடம் போய், மாரி முடிந்த கையோடு முதல் பார்சல் வந்தது. பஸ் கொண்டக்டர் தந்துவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தேன். தலையும் குடலுமாக நெத்தலி, இடையில் பாசி, உடைந்த சிப்பி, இறால் தும்பு, வேறு ஏதேதோ குஞ்சு. உங்கள் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியும். சந்தைக்குப் போகிற நெத்தலி எப்படியும் போகும். வேண்டியவர் வீட்டுக்கு என்றால் பெண்கள் சுளகோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தலை கிள்ளிக் குடல் எடுத்து, வெள்ளிக்காசு மாதிரி ஆக்கித்தான் கொடுப்பார்கள். என் கலியாணத்துக்கு நீ அப்படித்தான் கொண்டுவந்து தந்தாய். இப்போது குப்பையோடு அனுப்பியிருக்கிறாய். அன்று நான் ஏசியதை எனக்கே திருப்பித் தருகிறாய், வலையில் வந்தபடியே வேண்டும் என்றாயே, இந்தா, தின் என்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன்.

‘நான் ஆய்ஞ்சு எடுக்கிறன், நல்ல சாமான்தானே’ என்றாள் மனைவி. அடுத்த வீட்டுக்குக் கொடுக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் வந்தது. ஒவ்வொரு வருடமும் முடிச்சு அவிழ்க்காமல் அடுத்த வீட்டுக்குப் போனது. என் நெஞ்சில் இருந்த பழைய கோபத்துக்கு அது வருடாந்தம் தண்ணீர் ஊற்றியது.

இடையில் ஒரு தரம் உன்னைக் கண்டேன். நம்மோடு படித்த ஒருவனுடைய மகளின் கலியாணம், வாழைச்சேனையில். நீ வெள்ளைச் சாரம் உடுத்து வந்தாய், தாடி நரைத்திருந்தது. சாப்பாட்டு மேசையில் என் பக்கத்துக் கதிரையை இழுத்து உட்கார்ந்தாய். முன்பு நான் உன் வாங்கில் உட்கார்ந்த மாதிரி, வேறு இடம் இல்லாததால் அல்ல. எத்தனையோ கதிரை காலியாக இருந்தது.

“பார்சல் வருதா மச்சான்?”

“வருது.”

“பாத்தியா?”

“பாத்தன்” என்றேன்.

நீ இன்னும் ஏதோ வரும் என்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் சோற்றைப் பிசைந்தேன். ‘சரி, பாத்தாச் சரிதான்’ என்று எழும்பிப் போனாய். உன்னை நன்றாகக் காயப்படுத்திவிட்டேன் என்று அன்று வீடு வரும்வரை எனக்கு ஒரு திருப்தி இருந்தது. எழுதவே கை கூசுகிறது, ஆனால் இருந்தது.

இந்த வருடம் அடுத்த வீட்டார் கொழும்புக்குக் குடிபோய்விட்டார்கள். அதனால்தான் கடைசிப் பார்சல் என் களஞ்சிய அறையில் அரிசி வாளிக்கு மேல் கிடந்தது. அது வந்து ஒரு மாதத்தில் உன் தம்பி கோல் எடுத்தார். ‘காக்கா மௌத்தாகிட்டார் சேர். அஸருக்கு அடக்கம்’ என்றார். அப்போது காலை பத்து மணி, அஸர்த் தொழுகை பின்னேரம்தான். புறப்பட்டிருந்தால் ஒன்றரை மணித்தியாலத்தில் வந்திருப்பேன். எனக்குப் பின்னேரம் வகுப்பு இருக்கிறது என்றேன். வகுப்பில் போய் நின்று பிள்ளைகளுக்கு மீன் மூச்சு விடும் பூவை, செவுளை, படம் கீறினேன். ஒரு பிள்ளை, சேர், நீங்க ஒரு பக்கப் பூவை மறந்திட்டீங்க என்றது.

நேற்றுத்தான் ஓட்டமாவடிக்கு வந்தேன். நானாக வரவில்லை, மூன்று மாதமாக மனைவி குத்திக் குத்தி அனுப்பிவைத்தாள். உன் தம்பி வாசலில் கதிரை போட்டார். உன் மனைவி நீ போன துக்கத்துக்கான இத்தாவில் இருப்பதால் வெளியே வரவில்லை, யன்னல் சீலைக்கு அப்பால் இருந்து கதைத்தா. உனக்குக் கடைசி இரண்டு வருடமாக நெஞ்சுவருத்தம் என்பதையே அப்போதுதான் அறிந்தேன். தண்ணிக்குள் இறங்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியும், முகத்துவாரம் வெட்டிய செய்தி வந்தால் உன்னை வீட்டில் வைத்திருக்க முடியாதாம். வலையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடுவாயாம். பிடித்து வந்ததை வாடிக்குக் கொண்டுபோகாமல், வாசலில் தனிச்சாக்கில் காயவைப்பாயாம்.

“அண்ணன், அவர் ஒண்டையும் பொறுக்க விட மாட்டார். நான் ஒரு நாள் சுளகை எடுத்திட்டன். அண்டைக்குப் பட்ட ஏச்சு. இதில ஒரு தும்பு குறையப்படா, சேருக்கு அப்படித்தான் வேணும் எண்டு சொல்லுவார். மறுகா பார்சல் போட்ட நாளில இருந்து கேப்பார், சேர் கோல் எடுத்தாரா, கோல் எடுத்தாரா எண்டு.”

சீலை கொஞ்சம் அசைந்தது.

“அது சரியான மீன்தானா அண்ணன்?”

“சரியான மீன்தான் தங்கச்சி” என்றேன்.

பார்க்காமல் சொன்னேன். உன் முகத்துக்கு நேரே சொன்ன அதே பொய்யை, உன் வீட்டில் இருந்து, உன்னை இழந்த உன் மனைவிக்கும் சொன்னேன். சீலைக்கு அப்பால் அல்ஹம்துலில்லாஹ் என்று மெதுவாகக் கேட்டது. பஸ் ஏறி மட்டக்களப்பு வரும்வரை அந்தச் சொல் என்னோடு வந்தது.

இன்று விடிந்ததும் மேசையில் பத்திரிகைத் தாளை விரித்து உன் முடிச்சை அவிழ்த்தேன். உன் வீட்டுப் பெண்களின் கை படாத நெத்தலி. தலையோடு இருந்ததால் பிடரி அடையாளத்தைப் பார்க்கலாம். ஒரு பிடியைச் சுடுதண்ணியில் ஊறவைத்து, கைவில்லையைப் பிடித்துப் பார்த்தேன். பிடரியில் இரண்டு பொட்டு. இன்னொன்றிலும் இரண்டு பொட்டு. அது போதாது, கடலிலும் அதே மீன்தானே. எனவே, நான் குப்பை என்று தள்ளியதைக் கிளறினேன். கூனி இறால். ஆற்றுப் பாசி. அதற்குள் என் சின்னவிரல் நீளத்தில், முதுகுச் செட்டை காய்ந்து விரிந்து நின்ற ஒரு குஞ்சு. யப்பான் மீன் குஞ்சு. குளத்திலும் ஆற்றிலும் கிடக்கிற மீன். மாங்கேணிக் கரைவலையில் அது ஏறி நானும் கண்டதில்லை, நீயும் கண்டிருக்க மாட்டாய். ஒன்று அல்ல, தேடத் தேட நாலு. இந்த நெத்தலி ஆற்றில் பிடித்ததுதான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அந்தச் சாட்சியைத்தான் நீ ஒவ்வொரு வருடமும் பொறுக்காமல் அனுப்பினாய். நான் கோபத்தில் கத்திய ஒரு வசனத்தை, ஒரு மாணவன் செய்முறைக் குறிப்பை எழுதிவைத்துப் பின்பற்றுகிற மாதிரி, சாகும்வரை பின்பற்றினாய். முதல் பார்சலிலேயே ‘வேறு ஏதேதோ குஞ்சு’ இருந்ததை நான் கண்டேன். விலங்கியல் படித்தவன் அதைக் குனிந்து பார்த்திருந்தால் போதும். நான் அதில் உன் நக்கலைத் தேடினேன், அது கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டேன். அத்தனை வருடத்து மீனும் அடுத்த வீட்டுச் சட்டியில் பொரிந்துபோனது.

உன் மேல் எனக்கு இன்னும் ஒரு குறை இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். கலியாண வீட்டில் வாய் திறந்து கேட்டிருக்கலாம். ‘ஆத்துமீன்டா, ஒழுங்காப் பார்’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் பார்த்தேன் என்று சொன்னதை நீ நம்பினாயா, பொய் என்று தெரிந்துதான் எழும்பிப் போனாயா என்பது எனக்கு இனித் தெரியவராது.

பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து எடுத்து வைத்திருந்த போத்தல் ஒன்று வீட்டில் கிடந்தது. ரெட்டைப்பொட்டையும் யப்பான் குஞ்சுகளையும் பாசியையும் இறால் தும்பையும், ஒன்றும் தள்ளாமல், அதற்குள் போட்டேன். ஒரு துண்டு கடதாசி வெட்டி எழுதினேன். மீனின் பெயர் எழுதினேன். இடம் என்ற வரியில் ஆறு என்று மட்டும் எழுதினேன். எந்தக் கரை என்று எனக்குத் தெரியாது, தெரியாததை இன்னொரு தரம் எழுத மாட்டேன். சேகரித்தவர் என்ற வரியில் உன் பெயரை முழுதாக, வாப்பாவின் பெயரோடு எழுதினேன். இந்தப் போத்தலால் யாருக்கும் எந்தப் பட்டமும் கிடைக்கப்போவதில்லை.

மிச்சத்தைப் பார்சலில் திரும்பக் கட்டுவதற்கு முன் ஒரு மீனை எடுத்துக் கண்ணை மூடினேன். பெருவிரலை வயிற்றின் மேல் வாலிலிருந்து தலைப்பக்கமாக இழுத்தேன். காய்ந்த பிறகும் குத்துகிறது, மச்சான்.

நாளைக்குக் காலையில் உன் வீட்டுக்குக் கோல் எடுக்கப் போகிறேன். சரியான மீன்தான் தங்கச்சி என்று திரும்பவும் சொல்ல வேண்டும். நேற்றுச் சொன்ன அதே சொற்கள்தான். ஏன் இரண்டாம் தரம் சொல்கிறார் என்று அவ யோசிப்பா. நேற்றுப் பார்க்காமல் சொன்னதை, நாளைக்குத்தான் பார்த்துவிட்டுச் சொல்லுவேன்.